பிரெஞ்சுக் குடும்பப்பெயரின் வேரைத் தேட எந்தத் தளம்? லெஃபெவ்ர் பெயரை வைத்து ஒரு மதிப்பீடு

பிரெஞ்சுக் குடும்பப்பெயர் ஒன்றுக்கு என்ன பொருள், எந்தப் பகுதியில் தோன்றியது, எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தருவதாகச் சொல்லும் தளங்கள் நிறைய. இதில் பொருள் கண்டுபிடிப்பதுதான் சுலபம். அதற்குக் காசு கேட்கும் தளத்தை அங்கேயே மூடிவிடலாம். ஊரையும் எண்ணிக்கையையும் பிடிப்பதுதான் கஷ்டம். தளங்களின் தரம் தெரிவதும் அங்கேதான்.

எல்லாத் தளங்களையும் ஒரே பெயரில் சோதித்தால்தான் ஒப்பிட முடியும். இங்கே எடுத்துக்கொண்டது லெஃபெவ்ர். பிரான்சின் முதல் இருபது குடும்பப்பெயர்களுக்குள் வருவது, எழுத்துக்கூட்டலில் ஆளைத் திணறடிப்பது. முதலிடத்தில் உள்ள மார்தேன் சோதனைக்கு உதவாது. தூர் நகரத்துப் புனித மார்தேனின் பெயர் நாடு முழுக்க ஞானஸ்நானப் பெயராக வைக்கப்பட்டு, பிறகு எல்லா மூலையிலும் குடும்பப்பெயராக நிலைத்தது. அதற்கு வரைபடம் போட்டால் பிரான்ஸ் முழுக்க நிறம் அப்பியிருக்கும், ஊர் எதுவும் தெரியாது.

லெஃபெவ்ர் என்றால் கொல்லர். லத்தீன் ஃபாபெர், பழைய பிரெஞ்சில் ஃபெவ்ர், முன்னால் ‘லெ’ என்ற சுட்டு. இவ்வளவு எந்தத் தளத்திலும் கிடைக்கும். ஒரு தளம் உருப்படியானதா என்று பார்க்க அடுத்த கேள்வியைப் போட வேண்டும்: நடுவில் ஏன் உச்சரிக்காத ஒரு ‘பி’ (B)? எல்-இ-எஃப்-இ-பி-வி-ஆர்-இ என்று எழுதிவிட்டு லெஃபெவ்ர் என்றுதான் வாசிக்கிறார்கள். லத்தீன் மூலத்தை நினைவூட்ட எழுத்தர்கள் செருகிய எழுத்து அது. நாக்கு அதை ஒருபோதும் ஏற்கவில்லை. பழைய கையெழுத்தில் ‘யு’வும் ‘வி’யும் ஒரே வடிவம் என்பதால் இதே பெயரை லெஃபெபுர் என்று வாசித்தவர்களும் உண்டு. அந்தத் தவறான வாசிப்பே லெஃபெபுர் என்ற தனிக் குடும்பப்பெயராக இன்றும் இருக்கிறது. ‘கொல்லர்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும் தளம் உங்களுக்குப் பயன்படாது.

காரணம் இருக்கிறது. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்ததால் இந்தப் பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாகத் தோன்றியது. இரண்டு லெஃபெவ்ர்கள் உறவினர் என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. ஆனால் எழுத்துக்கூட்டலும் வட்டார வடிவமும் திசையைக் காட்டும். ‘பி’ உள்ள வடிவம் வடக்கே நோர், பா-த-காலே, பிக்கார்தி பக்கம். லெஃபவ்ர் என்ற மேற்கு வடிவம் பிரித்தானி, மேன் எல்லையில். தெற்கே ஒக்சித்தான் பேசிய பகுதியில் ஃபாப்ர், அதற்கு வடகிழக்கிலும் மேற்கிலும் ஃபோர், சவ்வா மலைப் பகுதியில் ஃபாவ்ர். கஸ்கோனியில் ‘எஃப்’ ஒலி ‘எச்’ ஆகிவிடும், ஆகவே ஓர். பிரித்தோன் மொழியில் அதே கொல்லர் லெ கோஃப், அல்சாஸில் ஷ்மிட், கத்தலான் பேசும் பெர்பிஞ்ஞான் பக்கம் ஃபெரெர். பெயரின் பொருளை விட எந்த எழுத்து எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் துப்பு.

ஜியோபட்ரோனிம்: முதலில் போக வேண்டிய இடம்

இலவசம், பதிவு செய்ய வேண்டியதில்லை. பெயரைத் தட்டினால் பிரான்சின் மாவட்ட வரைபடமும் ஒவ்வொரு மாவட்டத்திலும் நடந்த பிறப்புகளின் எண்ணிக்கையும் வரும். காலம் நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கும்: 1891–1915, 1916–1940, 1941–1965, 1966–1990. அடிப்படைத் தரவு பிரான்சின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சேயுடையது என்பதால் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட கணக்கு அல்ல.

பெயரின் மூல ஊரைத் தேடுகிறவர் பார்க்க வேண்டியது 1891–1915 வரைபடம் மட்டுமே. கடைசிக் காலகட்டத்துக்குப் போகப்போக படம் குழம்பும். ஒன்று, மக்கள் வேலை தேடிப் பாரிசுக்கும் லியோனுக்கும் போய்விட்டார்கள். இன்னொன்று பலருக்குத் தோன்றாதது: பிறப்பு பதிவாவது பெற்றோர் வசிக்கும் ஊரில் அல்ல, பிரசவம் நடந்த ஊரில். வீட்டுப் பிரசவம் போய் மருத்துவமனைப் பிரசவம் வந்த பிறகு, பெரிய மகப்பேறு மருத்துவமனை உள்ள மாவட்டத்தின் எண்ணிக்கை வீங்கிவிடுகிறது. அந்த வீக்கத்தை ‘குடும்பம் இடம்பெயர்ந்தது’ என்று வாசித்துவிடக் கூடாது.

அடுத்த பொறி, எண்ணிக்கை என்பது பிறப்புகளின் எண்ணிக்கை. இன்று உயிரோடு இருப்பவர்களின் கணக்கு அல்ல. 1990-க்குப் பிறகு பிறந்தவர்கள் இந்த வரைபடத்தில் இல்லை. வெளிநாட்டில் பிறந்தவர்களும் இல்லை. முதல் காலகட்டத்தில் இன்னொரு பெரிய ஓட்டை: இன்சேயின் ஆட்பதிவேடு 1940-களில் உருவானது. அதற்கு முன்பே இறந்துபோனவர்கள் அதில் முழுமையாக இல்லை. 1890-களில் பிறந்து முதல் உலகப் போரில் மாண்ட இளைஞர்கள் பெரும்பாலும் கணக்கிலேயே வரவில்லை என்று பொருள். அபூர்வமான பெயராக இருந்தால் இந்த இழப்பு வரைபடத்தையே மாற்றிவிடும். இதற்கு மாற்று மருந்து பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெமுவார் தெ ஸோம்’ தளம். முதல் போரில் நாட்டுக்காக உயிர் நீத்தவர்கள் என்று அறிவிக்கப்பட்ட 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அட்டைகள் அங்கே பெயர்வாரியாகத் தேடக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் பிறந்த தேதி, பிறந்த ஊர். ஜியோபட்ரோனிமில் பத்துப் பிறப்பு மட்டும் காட்டும் பெயருக்கு அங்கே நாலைந்து அட்டை கிடைத்தால், ஊரே கையில் வந்த மாதிரிதான்.

தட்டச்சு செய்யும்போது: உச்சரிப்புக் குறிகளை இந்தத் தரவு வைத்துக்கொள்வதில்லை. சாய்கோடு போட்ட லெஃபெவ்ரும் போடாததும் ஒன்றாகத்தான் எண்ணப்பட்டிருக்கும். ஆனால் இடைவெளி வேறு விஷயம். ‘லெ’ பிரிந்து நிற்கும் பெயரும் சேர்ந்து நிற்கும் பெயரும் இரண்டு தனிப் பெயர்கள். லெ கோஃப் என்று தேடும்போது இடைவெளி விடாவிட்டால் மிகக் குறைவாகத்தான் வரும், அபூர்வமான பெயர் என்று நினைத்துவிடுவீர்கள். குறைந்தது மூன்று முறை தேடுங்கள்: ‘பி’ சேர்த்து, ‘பி’ இல்லாமல், இடைவெளி விட்டு.

வரைபடத்தின் மீது எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம்? பூச்சியியல் அறிஞர் ழான்-ஆன்ரி ஃபாப்ர் 1823-ல் அவெய்ரோன் மாவட்டத்தின் சேன்-லெயோன் கிராமத்தில் பிறந்தவர். ஃபாப்ர் பெயருக்கு நல்ல சாட்சி. ஆனால் நெப்போலியனின் மார்ஷல் லெஃபெவ்ர் 1755-ல் பிறந்தது அல்சாஸின் ரூஃபாக்கில், ஷ்மிட்களின் நாட்டில். வரைபடம் சொல்வது சாத்தியக்கூற்றை மட்டும். ஒரு தனி மனிதர் எங்கே பிறந்தார் என்பதைப் பதிவேடுதான் சொல்லும்.

மதிப்பு: ஐந்துக்கு நாலரை. இலவசச் சேவைக்கு இதற்கு மேல் கேட்க முடியாது.

இன்சேயின் மூலக் கோப்பு: எக்செல் தெரிந்தவர்களுக்கு

ஜியோபட்ரோனிம் காட்டும் அதே தரவை இன்சே தளத்திலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேசிய அளவில் ஒரு கோப்பு, மாவட்ட அளவில் ஒன்று. 1891 முதல் 2000 வரை பத்தாண்டுக்கு ஒரு பத்தி, ஆக இங்கே 1990-களும் உண்டு. சாதாரண உரைக் கோப்பு, பத்திகள் டேப்பால் பிரிக்கப்பட்டிருக்கும்.

இருமுறை சொடுக்கித் திறந்தால் ஒரு சிக்கல். மாவட்ட எண் 01, 02 என்பதை எக்செல் 1, 2 என்று சுருக்கிவிடும். கோர்சிகாவின் 2ஏ, 2பி மட்டும் எழுத்தாகவே நிற்கும். பிறகு வரைபட மென்பொருளில் ஏற்றும்போது முதல் ஒன்பது மாவட்டங்கள் வெறுமையாகத் தெரியும். எனவே ‘தரவை இறக்குமதி செய்’ வழியாகத் திறந்து, மாவட்டப் பத்தியை ‘உரை’ என்று குறித்துவிட வேண்டும். மிக அபூர்வமான பெயர்கள் தனியாக வராது, ‘மற்ற பெயர்கள்’ என்ற ஒரே வரியில் மொத்தமாகக் கொட்டியிருப்பார்கள்.

மெனக்கெடுவதற்குக் காரணம் விகிதம். நோர் மாவட்டம் மக்கள்தொகை மிக்கது. அங்கே எந்தப் பெயரும் எண்ணிக்கையில் பெரிதாகத்தான் தெரியும். மாவட்டத்தின் எல்லாப் பெயர்களின் பிறப்புகளையும் கூட்டி (‘மற்ற பெயர்கள்’ வரியையும் விடாமல்), அந்த மொத்தத்தால் உங்கள் பெயரின் எண்ணிக்கையை வகுங்கள். ஆயிரம் பிறப்புக்கு எத்தனை என்று வந்ததும், பெரிய நகரங்கள் பின்னுக்குப் போய் உண்மையான மையம் முன்னுக்கு வரும். ‘எத்தனையாவது இடம்’ என்ற பட்டியல்களையும் இந்தக் கோப்பை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். லெஃபெவ்ரின் இரண்டு முக்கிய எழுத்துக்கூட்டலும் பட்டியலில் தனித்தனி வரிசை எண் வாங்கியிருக்கும். கூட்டிப் பார்த்தால் பெயர் இன்னும் மேலே ஏறும். இதைச் சொல்லாமல் தரவரிசை போடும் தளங்கள் அனேகம்.

ஜெனியாநெட்: வளம் அதிகம், எண்ணிக்கையை நம்ப வேண்டாம்

1996-ல் பிரான்சில் தொடங்கிய தளம், 2021 முதல் அமெரிக்காவின் ஆன்செஸ்ட்ரி வசம். உறுப்பினர்கள் தாங்களே ஏற்றிய வம்ச மரங்கள்தான் இதன் பலம். பெயரின் மூலம் பற்றி இங்கே உள்ள குறிப்புகள் பொதுவாகத் தரமானவை. வட்டார வடிவங்களைப் பிரித்துச் சொல்லும், உறுதி இல்லாத இடத்தில் ‘இருக்கலாம்’ என்று சொல்லும். அந்த நாணயம் இலவசப் ‘பெயர்ப் பொருள்’ தளங்களில் அபூர்வம்.

1891-க்கு முந்திய காலத்தைப் பார்க்க இதை விட்டால் வேறு சுலபமான வழி இல்லை. ஆனால் ஒரே மூதாதையர் இருநூறு பேருடைய மரத்தில் இருந்தால் இருநூறு முறை எண்ணப்படுவார். ஒரு ஊரில் ஆர்வமான வம்ச ஆய்வுச் சங்கம் இருந்தால் அந்த ஊர்ப் பதிவுகள் குவியும். பக்கத்து ஊர் காலியாகத் தெரியும். ஆக, இங்கே அதிகப் பதிவு வருவது ஆய்வாளர்கள் உழைத்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று, மக்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அல்ல. முடிவுகளைப் புரட்டும்போது பத்திரத்தின் படம் அல்லது ஊர், தேதி, பதிவு எண் குறிப்பிட்ட மரங்களை மட்டும் எடுங்கள். ‘1580 வாக்கில், வடக்குப் பிரான்ஸ்’ என்று மட்டும் இருந்தால் கடந்துபோய்விடலாம்.

குடும்பப்பெயரும் ஊரும் கொண்டு தேடுவதற்கு இலவசக் கணக்கு போதும். எழுத்து வேறுபாடுகளை ஒரே தேடலில் சேர்ப்பது, கணவன் மனைவி பெயரைச் சேர்த்துத் தேடுவது போன்ற வசதிகள் சந்தாவுக்குள் இருக்கின்றன. லெஃபெவ்ர் மாதிரிப் பெயருக்கு அந்த இரண்டாவது வசதிதான் தேவை. லெஃபெவ்ர் என்று மட்டும் தேடினால் கடல். மனைவியின் பெயர் கொஞ்சம் அபூர்வமாக இருந்தால் ஒரே நொடியில் குடும்பம் சிக்கும். பெயரின் பொதுவான வரலாறு மட்டும் வேண்டுமென்றால் சந்தா வீண்.

மதிப்பு: குறிப்புகளுக்கு நாலு, எண்ணிக்கைக்கு இரண்டு.

ஃபிலே பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. 2021-ல் மைஹெரிடேஜ் வாங்கிய இந்தத் தளத்தின் சிறப்பு 19-ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளின் பெயர் அட்டவணை. ஊர் தெரியாமல் தவிப்பவருக்கு உதவும், பத்திரத்தைப் பார்க்கச் சந்தா வேண்டும். அட்டவணை தயாரித்தவர்கள் ‘வி’யை ‘யு’வாக வாசித்த இடங்கள் இருக்கும் என்பதால் லெஃபெபுர் என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மாவட்ட ஆவணக் காப்பகத் தளங்கள்: கடைசித் தீர்ப்பு இங்கேதான்

1796-ல் ஏற்பட்ட இந்தக் காப்பகங்கள் அனேகமாக எல்லா மாவட்டத்திலும் தங்கள் பதிவேடுகளைப் படமெடுத்து இலவசமாக வைத்திருக்கின்றன. முகப்பு அழகாக இருக்காது, மாவட்டத்துக்கு மாவட்டம் பொத்தான் வேறு. பெரும்பாலும் பெயரை வைத்துத் தேட முடியாது. ஊரைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் மேலே சொன்ன எல்லாத் தளத்துக்கும் மூலம் இதுவே.

போகும் வழி: ஊரைத் தேர்ந்தெடுங்கள், ‘பத்தாண்டு அட்டவணை’ என்ற வகையைத் திறங்கள். 1792-க்குப் பிறகு பத்து ஆண்டுக்கு ஒரு பட்டியல், பிறப்பு, திருமணம், இறப்பு தனித்தனி. அதில் பெயரையும் தேதியையும் பிடித்துக்கொண்டு அந்த ஆண்டின் பதிவேட்டுக்குப் போக வேண்டும். பழைய அட்டவணைகளில் அகரவரிசை முதல் எழுத்தோடு நின்றுவிடும், உள்ளே கலந்துகட்டிக் கிடக்கும். ‘எல்’ பகுதியை முழுக்கப் படித்துவிட்டு ‘எஃப்’ பகுதியையும் பாருங்கள். ‘லெ’யைத் தள்ளிவிட்டு ஃபெவ்ர் என்று வரிசைப்படுத்திய எழுத்தர்களும் உண்டு. 1793 முதல் 1805 முடிய தேதிகள் புரட்சி நாட்காட்டியில் இருக்கும். ‘ஆறாம் ஆண்டு ப்ரூமேர் 12’ என்பதை மாற்றித் தரும் கருவி இணையத்தில் நிறைய இருக்கிறது.

1792-க்கு முன்னால் பங்குத் திருச்சபைப் பதிவேடுகள். ஞானஸ்நானத்தைப் பதிய வேண்டும் என்றது 1539-ன் விலேர்-கோத்ரே அரசாணை. திருமணமும் அடக்கமும் சேர்ந்தது 1579-ல். இரண்டு பிரதி எழுத வேண்டும் என்ற விதி 1667-ல். நடைமுறையில் பல ஊர்களில் 1667-க்குப் பிறகுதான் தொடர்ச்சியாகக் கிடைக்கும்.

இந்தப் பதிவேட்டில் பெயரை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு வழி. ஒரே திருமணப் பதிவில் மணமகன் பெயர் மூன்று இடத்தில் வரும்: ஓரத்தில், உள்ளே, அடியில் கையெழுத்தாக. ஓரத்தில் ‘பி’யோடு, உள்ளே ‘பி’ இல்லாமல், கையெழுத்தில் ‘லெ’ தனியாக என்று மூன்றும் மூன்று விதமாக இருப்பது சர்வ சாதாரணம். பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். கையெழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: எஃப்-இ-பி-வி என்ற தொடரில் ‘பி’யின் தண்டு உயர்ந்து நிற்கும், பின்னால் வருவது திறந்த வாய் கொண்ட ‘யு’ மாதிரி. அந்தத் தண்டை ‘எல்’ என்று வாசித்து ஏமாறுவது இங்கேதான். எழுத்துக்கூட்டலை வைத்து ‘இது வேறு குடும்பம்’ என்று 1877-க்கு முன் முடிவு கட்டாதீர்கள். அந்த ஆண்டு குடும்பக் கையேடு (திருமணத்தின்போது தம்பதிக்குத் தரப்படும் பதிவுப் புத்தகம்) நடைமுறைக்கு வந்த பிறகுதான் எழுத்துக்கள் உறைந்து நின்றன.

தடை இரண்டு. பிறப்பும் திருமணமும் 75 ஆண்டு ஆனால்தான் பொதுப் பார்வைக்கு வரும். இறப்பு 25 ஆண்டு. பாரிசில் 1860-க்கு முந்திய பதிவேடுகள் 1871 மே மாதக் கம்யூன் கலவரத்தில் எரிந்துபோயின. மூன்றில் ஒரு பங்கு அளவே மீட்டு எழுதப்பட்டது. பாரிஸ் லெஃபெவ்ர் ஒருவரைத் தேடி அங்கே சுவரில் முட்டினால், ராணுவப் பதிவேட்டிலோ வெளியூர்த் திருமணப் பதிவிலோ அவர் பிறந்த ஊரைத் தேட வேண்டும்.

மதிப்பு: பயன்பாட்டு எளிமைக்கு இரண்டு, நம்பகத்துக்கு ஐந்து.

வாங்கக் கூடாதது

‘உங்கள் குடும்பப்பெயரின் குலச்சின்னம்’ என்று கோப்பையிலும் சட்டத்திலும் அச்சடித்து விற்கும் கடைகள். குலச்சின்னம் குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியது அல்ல. நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாகத் தோன்றிய பெயருக்கு ஒரு சின்னம் எப்படி இருக்கும்? பெரும்பாலும் 1696-ல் பதினான்காம் லூயி வரி வசூலுக்காகப் பதியச் சொன்ன சின்னங்களிலிருந்து ஒன்றை உருவி ஒட்டியிருப்பார்கள். அன்று பதிந்தவர்களில் வணிகர்களும் கைவினைஞர்களும் ஏராளம். பெயருக்கு முன்னால் ‘த’ இருந்தால் பிரபு வம்சம் என்று அதே கடைகள் சொல்வதையும் நம்ப வேண்டாம். பல இடங்களில் அது ஊரை மட்டும் குறிக்கும்.

புதுச்சேரிப் பெயர்களுக்கு

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துப் பிரெஞ்சுக் குடும்பப்பெயரைத் தேடுகிறவர்கள் மேலே சொன்ன வரைபடங்களை நம்பி இறங்கினால் வழி தவறிவிடும். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி தங்கள் மரபுவழிச் சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வந்தவர்கள் ஒரு குடும்பப்பெயரை ஏற்க வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனது அப்படித்தான். பிரான்சில் லாபோர்த் என்பது ஊர் வாயிலருகே குடியிருந்தவருக்கு வந்த பெயர். அந்தப் பெயருக்கான வரைபடம் அவர் குடும்பத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இன்சேயின் கோப்பும் பிரான்சில் பிறந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது.

இவர்களுக்கான இடம் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம். பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் அதன் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆள் பெயரைத் தட்டித் தேட முடியாது; பகுதி, ஊர், ஆண்டு என்று இறங்க வேண்டும். 1881-க்கு முன்னால் போகும்போது பிரெஞ்சுப் பெயர் மறைந்துவிடும். அங்கே தந்தை பெயரையும் ஊரையும் பிடித்துக்கொண்டுதான் தொடர வேண்டும். தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள் என்பதால், ‘உ’கரத்துக்கு ‘ஓ-யு’ என்ற இரட்டை எழுத்தைப் போட்டுத் தேடுவது முதல் வேலை.